மணலியின் மூச்சும் மதுராவின் சலவைக் கல்லும்

பிறன் ஒருவன் நமக்குச் செய்யும் நன்மை அவனுக்கு லாபமுள்ள வரையில்தான் நடக்கும் என்றால், அதனைச் சலுகை என்று சொல்லலாமேயன்றி உரிமை என்று சொல்ல இயலாது. சலுகை நேற்று வந்தது, நாளை போகும். உரிமையோ சட்டத்தின் முத்திரை பெற்றது. கேட்டுப் பெறத் தக்கது. மறுக்கப்பட்டால் நியாயஸ்தலத்தின் கதவைத் தட்டத் தக்கது. சென்னைக்கு வடபால் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் முதலிய இடங்களில் வசிக்கும் ஜனங்கள் சுவாசிக்கும் காற்று இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வரலாறு நமது நேயர்களிற் பலர் அறிந்ததே. இந்திய சர்க்காரும், ஈரான் தேசத்து எண்ணெய் ஸ்தாபனமும், அமோகோ என்னும் அமெரிக்கக் கம்பெனியும் கூடி 1965-ம் வருஷத்தில் ஏற்படுத்திய மெட்ராஸ் ரிபைனரீஸ் கம்பெனி, 1969-ல் வருஷத்துக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயை வடிக்கும் ஆலையை நடத்தத் தொடங்கிற்று. சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று இன்று வழங்கப்படும் அக்கம்பெனியின் மணலி ஆலை 105 லட்சம் டன் வடிக்கும் திறமை பெற்றிருக்கிறது. இவ்வளவு பெரிய ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் நீராவியையும் எதை எரித்து உண்டாக்கிக் கொள்ளுகிறது என்ற கேள்வி வெறும் இஞ்சினீயர்களின் கேள்வியன்று. அதன் புகைபோக்கியின் நிழலில் குடியிருப்பவர்களின் கேள்வி.

2019-ம் வருஷத்தில் எண்ணூர்த் துறைமுகத்திலே, வருஷத்துக்கு 50 லட்சம் டன் திரவமாக்கிய இயற்கை வாயுவை இறக்கத்தக்க நிலையம் ஒன்று இந்தியன் ஆயில் கம்பெனியால் திறக்கப்பட்டது. அங்கிருந்து குழாய் வழியாக மணலி உர ஆலைக்கும், சுத்திகரிப்பு ஆலைக்கும் வாயு வந்தது. அதுகாறும் நாப்தாவையும் எரியெண்ணெயையும் கொண்டு நடத்தப்பட்ட வேலைகளிற் பல வாயுவைக் கொண்டு நடக்கலாயின. இது நல்ல மாறுதல் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இம்மாறுதலுக்கு அஸ்திவாரம் எது? சட்டமா, அல்லது வாயுவின் அன்றைய விலையா? இக்கேள்விக்கு நேரான பதிலை நாம் வேண்டுகிறோம்.

ஆலைக்குள் ஒரு மின்சார நிலையம்

சுத்திகரிப்பு ஆலை ஊருக்கெல்லாம் பொதுவான மின்சாரக் கம்பியை மாத்திரம் நம்பி நடக்க முடியாது. ஊரில் ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றால் வீட்டில் விசிறி நிற்கும், அவ்வளவே. சுத்திகரிப்பு ஆலையிலோ பம்புகள் நின்றால் உலைக் குழாய்களுக்குள் ஓடும் எண்ணெய் தேங்கிக் கரியாக உறைந்துபோகும். பாத்திரங்களில் அழுத்தம் ஏறும். உள்ளிருக்கும் வாயுக்களையெல்லாம் அவசரமாக வெளியேற்றி உயர்ந்த கம்பத்தின் உச்சியில் கொளுத்திவிட நேரும். ஆகையால் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் தமக்கென்று மின்சார நிலையம் வைத்துக்கொள்ளுகின்றன. இது ஆடம்பரமன்று, அவசியம்.

இந்த நிலையத்தில் இயற்கை வாயுவுக்கு ஒரு விசேஷ தகுதி உண்டு. வாயுச் சுழலியிலே காற்றை நெருக்கி, அதில் வாயுவைக் கலந்து எரித்தால், அந்த அனல் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரத்தை உண்டாக்குகிறது. எரிபொருளின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இவ்வாறு மின்சாரமாகும். மிகுதி, சுமார் 500 டிகிரி உஷ்ணமுள்ள புகையாக வெளியே போகிறது. சாதாரண மின்சார நிலையத்துக்கு இது நஷ்டம். சுத்திகரிப்பு ஆலைக்கோ இதுவே லாபம். ஏனெனில் அந்தப் புகையைக் கொதிகலன் ஒன்றின் வழியே செலுத்தினால், எண்ணெயை வடிக்கவும் சூடாக்கவும் இரவு பகலாக வேண்டியிருக்கும் நீராவி கிடைக்கிறது. ஒரே நெருப்பில் மின்சாரமும் நீராவியும் பெறும்போது, எரிபொருளின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 70, 80 பங்குவரை உபயோகமாகிறது. ஒரே அடுப்பில் சோறும் வெந்நீரும் ஆக்கிக்கொள்ளும் குடும்பப் பெண்ணின் சிக்கனம் இது.

வாயு இல்லாதபோது அதே உலைகளில் எரிவது என்ன? ஆலையிலேயே உண்டாகும் வாயு கொஞ்சம், போதாததற்கு நாப்தா, கொதிகலன்களிலும் உலைகளிலும், வடித்தபின் அடியில் எஞ்சும் கனத்த எண்ணெய். கச்சா எண்ணெயிலுள்ள கந்தகத்தில் பெரும்பகுதி இந்த அடிக் கசண்டிலே வந்து தங்குகிறது. நூறு டன் எரியெண்ணெயில் மூன்று டன் கந்தகம் இருந்தால், அது எரிந்து ஆறு டன் கந்தக வாயுவாகப் புகைபோக்கி வழியே வெளியேறும். குழந்தைகளுக்கு இருமலும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுத் திணறலும் தரத்தக்கது அவ்வாயு. இயற்கை வாயுவிலோ கந்தகம் இல்லையென்றே சொல்லலாம். கரித்தூளும் மிகக் குறைவு.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்க வேண்டும். 2020-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலிலும் டீஸலிலும் பத்து லட்சம் பங்குக்குப் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கலாகாது என்று விதி செய்யப்பட்டது. நகரத்து மோட்டார்களுக்காகக் கந்தகத்தை எண்ணெயினின்று கஷ்டப்பட்டுப் பிரித்தெடுக்கும் ஓர் ஆலை, கந்தகம் மிகுந்த கசண்டைத் தன் உலையிலேயே எரித்துத் தன் அயலார் தலைமேல் அக்கந்தகத்தைப் பொழியுமானால், ஒரு தெருவைப் பெருக்கி அடுத்த தெருவில் குப்பையைக் கொட்டுவதற்கும் அதற்கும் என்ன வேற்றுமை?

ஒரே புகைபோக்கிக்கு இரண்டு நீதி

நாம் வக்கீல் தொழில் பழகியவர்களாகையால் விதிகளின் வாசகத்தைப் புரட்டிப் பார்ப்பது நமக்கு வழக்கம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கென்று இந்திய சர்க்கார் 2008-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் வெளியிட்ட விதிகளை எடுத்துப் பார்ப்போம். உலை, கொதிகலன், ஆலையின் சொந்த மின்சார நிலையம் ஆகியவற்றின் புகையில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கந்தக வாயு இருக்கலாம் என்று அவ்விதிகள் சொல்லுகின்றன. வாயு எரித்தால் 50. எண்ணெய் எரித்தால், பழைய ஆலைகளுக்கு 1,700. புதிய ஆலைகளுக்கு 850. தூசிக்கும் இவ்வாறே: பழைய ஆலைகளில் வாயு எரித்தால் 10, எண்ணெய் எரித்தால் 100.

இதன் பொருளைச் சற்று யோசியுங்கள். அதே ஆலை, அதே புகைபோக்கி, அதன்கீழ் வாழும் அதே ஜனங்கள். ஆலைக்காரர் வாயு எரித்தால் சட்டம் அவரை 50-க்குக் கட்டுப்படுத்துகிறது; மறுநாள் அவர் எண்ணெய்க்குத் திரும்பினால் சட்டமும் தன் கட்டைத் தளர்த்தி 34 மடங்கு விட்டுக்கொடுக்கிறது. குற்றம் செய்பவனின் சௌகரியத்துக்குத் தக்கபடி நீளும் குறுகும் அளவுகோலை எந்த நீதிசாஸ்திரத்திலும் நாம் கண்டதில்லை. எரிபொருள் மாறலாம், மனிதனின் நுரையீரல் மாறுவதுண்டோ? எண்ணெய்க்கு 1,700 என்று விதித்தவர்கள், வாயு கிடையாத இடங்களுக்கு இரங்கி விதித்திருக்கலாம். குழாய் வாசல்வரை வந்துவிட்ட மணலிக்கு அந்த இரக்கம் எதற்கு?

இந்த ஐயம் வீண் கற்பனையன்று. திரவமாக்கிய இயற்கை வாயு என்பது சைபருக்குக் கீழே 162 டிகிரிவரை குளிர்வித்து, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கி, கப்பலில் வரும் சரக்கு. அதன் விலை உலகச் சந்தையின் கையில் இருக்கிறது. 2020-ம் வருஷத்தில், கொள்ளைநோயால் உலக வியாபாரம் படுத்திருந்தபோது, ஆசியச் சந்தையில் அதன் அளவு ஒன்றுக்கு ஏறக்குறைய 2 டாலருக்கு விற்றது. 2022-ல் உக்ரேன் யுத்தம் மூண்டபோது அதே அளவு 50 டாலரையும் தாண்டிற்று. அந்த வருஷத்தில் இந்தியாவின் வாயு இறக்குமதி குறைந்தது. நாட்டின் சுத்திகரிப்பு ஆலைகளிற் பல வாயுவை விட்டு நாப்தாவுக்கும் எரியெண்ணெய்க்கும் திரும்பின. வியாபாரிக்கு இது இயல்பே. ஆனால் ஐரோப்பாவில் பீரங்கி வெடித்தால் இந்தியாவிலே ஆலைக்கு அண்டையில் இருக்கும் குழந்தை இரும வேண்டும் என்பது எந்த தர்மம்?

மதுராவில் நடந்தது

எரிபொருளைத் தேர்ந்தெடுப்பது ஆலையின் சொந்த விஷயம், அதில் சட்டம் தலையிடலாகாது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் மதுராவின் கதையைக் கேட்க வேண்டும்.

தாஜ்மகாலுக்குச் சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்திலே மதுராவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அமையப்போகிறது என்ற செய்தி வெளியானபோதே, அதன் கந்தகப் புகை யமுனைக் கரையின் வெள்ளைச் சலவைக் கல்லை அரித்துவிடும் என்ற அச்சம் நாட்டிலும் வெளிநாட்டிலும் எழுந்தது. டாக்டர் எஸ். வரதராஜன் தலைமையில் நிபுணர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆலை 1982-ல் வேலை தொடங்கிற்று. 1984-ல் எம். ஸி. மேத்தா என்ற வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தார். பன்னிரண்டு வருஷம் வழக்கு நடந்தது. அதன் நடுவிலேயே மதுரா ஆலைக்கும், ஆக்ரா, பிரோஜாபாத் தொழிற்சாலைகளுக்கும் இயற்கை வாயுவைக் குழாயில் கொண்டுவரும் ஏற்பாட்டைக் கோர்ட்டார் முடுக்கிக்கொண்டிருந்தனர். 1996-ம் வருஷம் டிஸம்பர் 30-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங், நீதிபதி பைஜான் உத்தீன் ஆகிய இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். தாஜைச் சுற்றிய பிரதேசத்தில் நிலக்கரியும் கோக்கும் எரித்துவந்த 292 தொழிற்சாலைகள் இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும்; மாற இயலாதவை அவ்விடத்தை விட்டுப் பெயர வேண்டும். அதற்குத் தவணையும் குறிக்கப்பட்டது.

இத்தீர்ப்பின் உட்கருத்து யாது? வாயு மலிவானதால் மாறுங்கள் என்று கோர்ட்டார் சொல்லவில்லை. காற்றைக் கெடுக்கிற எரிபொருள் இந்தப் பிரதேசத்தில் இனி ஆகாது என்றே சொன்னார்கள். வாயுவின் விலை ஏறுகிற வருஷத்தில் கோக்குக்குத் திரும்பலாம் என்ற சலுகை அத்தீர்ப்பில் இல்லை. எரிபொருளைத் தேர்ந்தெடுப்பது வியாபாரியின் கணக்குப் புத்தகத்தினின்று நீக்கப்பட்டு, சட்டப் புத்தகத்தில் ஏற்றப்பட்டது.

பிறகு தலைநகரின் முறை வந்தது. டில்லியின் காற்று நஞ்சானபோது, 2017-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார், டில்லியை அடுத்த உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் ராஜ்யங்களில் தொழிற்சாலைகள் எரியெண்ணெயையும் பெட்ரோலியக் கோக்கையும் எரிக்கலாகாது என்று உத்தரவிட்டனர். டில்லியில் அவை முன்னமே தடுக்கப்பட்டிருந்தன.

சலவைக் கல்லைக் காத்தார்கள், சந்தோஷம். ஷாஜகான் கட்டிய கல்லறை உலகத்தின் செல்வம். அதைக் காப்பது நமது கடமை. தலைநகரத்தாரின் நுரையீரலைக் காக்க முற்பட்டார்கள், அதுவும் சந்தோஷமே. ஆனால் மணலியில் உயிரோடிருக்கும் மனிதன், ஆக்ராவில் உறங்கும் சக்கரவர்த்தியைவிடத் தாழ்ந்தவனா? மஞ்சளாகிப் போகும் சலவைக் கல்லுக்கு வழக்காட வக்கீல் கிடைத்தான்; கருத்துப் போகும் நெஞ்சுக்கு யார் வழக்காடுவது?

மணலியின் நிலை

மணலியின் நிலையைச் சர்க்காரின் வாயாலேயே சொல்லுவோம். 2009-ம் வருஷத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற் பிரதேசங்களை ஆராய்ந்து, அவற்றில் 43 மிகக் கடுமையாகக் கெட்டுப்போனவை என்று அறிவித்தது. அந்த 43-ல் மணலி ஒன்று. நூற்றுக்கு 76-க்கு மேற்பட்ட மார்க்கு அதற்குக் கிடைத்தது. பரீட்சையில் மார்க்கு மிகுந்தால் பெருமை. இந்தப் பரீட்சையில் மிகுந்தால் சிறுமை.

2023-ம் வருஷம் டிஸம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்துவந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, செம்படவர்களின் படகும் வலையும் கருநிறமாயின. அவர்கள் வெறுங்கையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளிய காட்சியை உலகம் பார்த்தது. தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, பத்திரிகைகள் எழுதுகின்றன, பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. காற்றில் கந்தகம் மிதந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாலேயே அது பொறுக்கத் தக்கதாகிவிடுமா?

சட்டம் கையில் இருக்கிறது

புதிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. 1981-ம் வருஷத்துக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, 3-வது உட்பிரிவை நமது மந்திரிமார் எடுத்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில், அங்கீகரிக்கப்பட்ட எரிபொருளைத் தவிர வேறொன்றை எரிப்பதால் காற்றுக் கெடும் என்று ராஜ்ய சர்க்கார் கருதினால், வாரியத்தைக் கலந்துகொண்டு, கெஜட்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, அந்த எரிபொருளைத் தடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்குக் குறையாத தவணை கொடுக்க வேண்டும், அவ்வளவே. இதற்கு டில்லியின் தயவு வேண்டியதில்லை. சென்னைக் கோட்டையில் ஒரு கையெழுத்துப் போதும்.

சுத்தமான காற்றும் நீரும் அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் ஜீவ உரிமையின் அங்கம் என்று சுப்ரீம் கோர்ட்டார் 1991-ல் சுபாஷ் குமார் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள். உரிமையைக் கோர்ட்டார் பிரகடனம் செய்தாயிற்று; அதை நடத்திவைக்கும் அதிகாரத்தைச் சட்டசபையார் கொடுத்தாயிற்று. அதிகாரத்தை உபயோகிக்கும் மனம் ஒன்றுதான் குறை.

ஆட்சேபங்கள்

எதிர்க்கட்சியாரின் வாதங்களை நாம் ஒளிக்க விரும்பவில்லை.

முதல் வாதம்: இறக்குமதி வாயுவை நம்பினால் நாடு அந்நியருக்கு அடிமைப்படும் என்பது. சுதேசியத்தில் பற்றுள்ள நமக்கு இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. நாட்டில் செலவாகும் வாயுவில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆனால் மணலியில் காய்ச்சப்படும் கச்சா எண்ணெயும் பெரும்பாலும் கப்பலில் வருவதுதானே? கச்சா எண்ணெய் அந்நிய நாட்டிலிருந்து வரலாம், அதைக் காய்ச்சும் நெருப்பு மாத்திரம் வரலாகாது என்பது விசித்திரமான சுதேசியம்.

உள்நாட்டு வாயுவைக் கொடுக்கலாமே என்றால், அதற்கு முன்னுரிமை உள்ளவர்கள் வேறு பலர். கிருஷ்ணா கோதாவரிக் கடலின் வாயுவைப் பற்றி அம்பானி சகோதரர்கள் தொடுத்த வழக்கில், 2010-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி, அந்த வாயு தேசத்தின் சொத்து, அதை யாருக்கு எவ்விலைக்குக் கொடுப்பது என்று நிர்ணயிப்பது சர்க்காரின் அதிகாரம் என்று சுப்ரீம் கோர்ட்டார் தீர்த்தனர். அதன்பின் அந்த ஊற்றுச் சுருங்கியபோது, உர ஆலைகளுக்கும் மின்சார நிலையங்களுக்கும் முதலில் கொடுத்து, சுத்திகரிப்பு ஆலைகள் முதலியவற்றுக்கு 2011-ல் குறைத்துவிட்டனர். அது நியாயமே. 2015-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்கின்படி, நாட்டில் 24,150 மெகாவாட் வாயு மின்சார நிலையங்களில் 14,305 மெகாவாட்டுக்கு உள்நாட்டு வாயு கிடைக்கவேயில்லை. உழவனின் உரமும் ஊரின் விளக்கும் காத்திருக்கையில், லாபத்தில் நடக்கும் எண்ணெய் ஆலை மலிவான உள்நாட்டு வாயுவுக்குக் கை நீட்டலாகாது. காவிரிப் படுகையைத் தோண்டிக் கொடுங்கள் என்றும் நாம் கேட்கவில்லை. 2020-ல் சட்டசபையார் அந்த நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய், வாயுக் கிணறுகளைத் தடுத்திருக்கின்றனர். மணலியின் நோயைத் தஞ்சைக்கு மாற்றுவது வைத்தியமன்று. ஆலை தன் பணத்தால் வாங்கும் வாயுவையே எரிக்கட்டும்.

இரண்டாவது வாதம்: விலை ஏறும்போது ஆலைக்கு நஷ்டம் வரும் என்பது. கணக்கைப் பார்ப்போம். வாயு விலை வானளாவிய 2022-23-ம் வருஷத்திலேதான் சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷன் 3,500 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் கண்டது. முந்திய வருஷத்து லாபம் சுமார் 1,340 கோடி. வாயு விலையை ஏற்றிய அதே யுத்தம் டீஸலின் விலையையும் ஏற்றிற்று. யுத்தத்தின் லாபம் பங்குதாரருக்கு, யுத்தத்தின் புகை அயலாருக்கு என்று பாகப்பிரிவினை செய்வது நியாயமாகுமா? இனி விலை ஏற்றத்தை அஞ்சுபவர்கள் நாள்விலைக்கு வாங்காமல் நெடுங்கால ஒப்பந்தத்தில் வாங்கலாம். பல ஆலைகள் கூடிப் பொதுவில் வாங்கலாம். வியாபாரிகளுக்கு வழி சொல்லிக்கொடுக்க நாம் தேவையில்லை. சட்டம் நிர்ப்பந்தித்தால் வழி தானே தோன்றும்.

மூன்றாவது வாதம்: பக்கத்தில் வட சென்னையிலும் வல்லூரிலும் ஆயிரக்கணக்கான மெகாவாட் அனல் நிலையங்கள் நிலக்கரியை எரிக்கும்போது, சுத்திகரிப்பு ஆலை ஒன்றைத் திருத்தி என்ன பயன் என்பது. பக்கத்து வீட்டான் திருடன் என்பது எந்தக் கோர்ட்டிலும் விடையாகாது. நிலக்கரி நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் யந்திரம் வைக்க வேண்டியது தனிக் கிளர்ச்சி, அதையும் நடத்துவோம்.

நான்காவது வாதத்தை நாம் மரியாதையோடு கேட்கிறோம். இயற்கை வாயுவும் பூமிக்கடியிலிருந்து எடுத்த கரிச்சத்துத்தானே. கசிந்தால் அது உலகத்தின் உஷ்ணத்தை இருபது வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு வேகமாக ஏற்றும். சூரியனும் காற்றும் மலிவாகிவிட்ட இக்காலத்தில் வாயுவைப் புகழலாமா என்பது அவ்வாதம். இது உண்மை. ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தில் எவ்வளவைச் சூரியனிடத்தும் காற்றினிடத்தும் பெறக்கூடுமோ அவ்வளவையும் பெறட்டும். ஆனால் எண்ணெயைக் காய்ச்சும் நீராவி இரவிலும் மழையிலும் வேண்டியிருக்கிறது; அதற்கு இன்று கையிலுள்ள எரிபொருள்களில் வாயு குறைந்த தீமை. நாளை இதனினும் நல்லது வந்தால் இதையும் தள்ளுவோம். இன்று வாயுவைத் தள்ளினால் அவ்விடத்துக்கு வருவது சூரியன் அன்று, கசண்டு எண்ணெய்.

நாம் கேட்பது

நாம் கேட்பன மூன்று. முதலாவது, மணலிப் பிரதேசத்தில் எரியெண்ணெய், பெட்ரோலியக் கோக்கு முதலிய கந்தகம் மிகுந்த எரிபொருள்களைத் தொழிற்சாலைகள் எரிப்பதை 19-வது பிரிவின்கீழ்க் கெஜட் அறிவிப்பால் தடுக்க வேண்டும். குழாய் உடைதல் முதலிய மெய்யான அவசரங்களுக்கு, நாள் கணக்கில் எல்லை குறித்து, வாரியத்தின் எழுத்து மூலமான அனுமதியோடு விலக்குக் கொடுக்கலாம். விலை ஏறியது அவசரமாகாது. இரண்டாவது, வாயுக் குழாய் சேர்ந்த ஆலைகளுக்கு, அவை எதை எரித்தாலும், வாயுவுக்குரிய 50 என்ற அளவே எல்லையாகும் என்று மத்திய சர்க்கார் விதியைத் திருத்த வேண்டும். மூன்றாவது, ஆலை ஒவ்வொரு நாளும் எந்த எரிபொருளை எத்தனை டன் எரித்தது, புகைபோக்கியில் கந்தகம் எவ்வளவு என்ற கணக்கை, எல்லாரும் படிக்கத்தக்க தமிழில், மணலி மண்டல ஆபீஸின் வாசலில் எழுதி வைக்க வேண்டும். தன் தலைமேல் என்ன விழுகிறது என்று அறிந்துகொள்வது குடிமகனின் முதல் உரிமை.

இவற்றுள் எதுவும் ஆலையை மூடச் சொல்லும் கோரிக்கையன்று. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் அடுப்பு அவ்வாலையால் எரிகிறது. அந்தத் தொழிலாளர்களிற் பலரும் அதே காற்றைச் சுவாசிக்கும் அயலாரே. 2019-ல் ஆலை தானாகச் செய்த நல்ல காரியத்தை இனி நழுவாதபடி சட்டத்தால் முடிபோடுங்கள் என்று மாத்திரமே கேட்கிறோம். நல்லதைத் தானே செய்தவனுக்கு, அதையே செய் என்று சட்டம் சொல்லுவதில் என்ன கஷ்டம்? கஷ்டம் என்று அவன் சொன்னால், நாளை அதை விட்டுவிடும் எண்ணம் அவன் மனத்தில் இருக்கிறதென்றே பொருள்.

வட சென்னையின் தேசத்தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. புகை கண்டவிடத்தில் கூச்சலிட்டு, காற்றுத் திசை மாறியவுடன் மறந்துபோவது நமது பழைய நோய். கூட்டம் கூடித் தீர்மானம் செய்வதோடு நில்லாதீர்கள். சட்டத்தின் பிரிவைக் குறித்து மனு எழுதுங்கள். வாரியத்தின் பதிலைக் கேட்டு வாங்குங்கள். பதில் வாராவிட்டால் ஹைகோர்ட்டின் படி உங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரந்தான். மதுராவின் சலவைக் கல்லுக்குப் பன்னிரண்டு வருஷம் ஒரு வக்கீல் பொறுமையாக வழக்காடினார். நம் மக்களின் மூச்சுக்கு அவ்வளவு பொறுமை நமக்கு இல்லையென்று பின்வருவோர் சொல்லும்படி நடவாதிருப்போமாக.